மைசூருப் பகுதியில் முன்பருவ எள்: பருவம், வெப்பம், சேமிப்பு

ஏப்ரல் மாதத்தின் இறுதி வாரத்தில் மைசூரு மாவட்டத்துச் செம்மண் நிலங்களில் ஒருவிதமான காத்திருப்பு நிலவும். அசுவினி மழை பெய்து, நிலம் ஓரிரு முறை உழப்பட்டிருக்கும். அடுத்து வரும் பரணி மழையை நம்பி விவசாயிகள் எள் விதையைத் தயாராக எடுத்து வைத்திருப்பார்கள். கர்நாடகத்தின் தென்மாவட்டங்களில் மழைக்கு நட்சத்திரப் பெயரிட்டு வழங்கும் மரபு இன்றும் மறையவில்லை. ஏப்ரல் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரம் அசுவினி, பிறகு மே 10 வரை பரணி, அதன்பின் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று சூரியன் கடக்கும் நட்சத்திரங்களே அங்கு மழையின் நாட்காட்டியாக விளங்குகின்றன.

தமிழக வாசகர்களுக்கு இதில் ஒரு வியப்பு இருக்கக்கூடும். நாம் அக்கினி நட்சத்திரம் என்று வெயிலுக்கு அஞ்சும் அதே நாட்களில்தான் மைசூருவில் எள் முளைக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இப்பகுதியில், கோடையின் உச்சத்தில் பிற்பகல் இடிமழை பெய்வது வழக்கம். ஆண்டு மழையளவு 800 மில்லிமீட்டரை ஒட்டியதே. ஆனால் அது ஒரே பருவத்தில் கொட்டித் தீர்வதில்லை. மே மாதத்தில் ஓர் உச்சமும் அக்டோபரில் மற்றோர் உச்சமுமாகப் பிரிந்து பெய்கிறது. இந்த இரட்டை உச்சமே இங்குள்ள மானாவாரி விவசாயத்தின் அடிப்படை. முதல் உச்சத்தில் எள், தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து ஆகிய குறுகிய காலப் பயிர்கள். இரண்டாம் உச்சத்தை நம்பிக் கேழ்வரகு அல்லது கொள்ளு. ஒரே மானாவாரி நிலத்தில் ஓராண்டில் இரு பயிர் எடுப்பதற்கு வழி செய்வது இந்த முன்பருவமே.

எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்னும் பொருளில் பிறந்து, பின்னர் எல்லா எண்ணெய்களுக்கும் பொதுவாயிற்று என்பதை நாம் அறிவோம். அரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்துள்ளது. இத்தனை தொன்மை வாய்ந்த பயிர், நமது விவசாயத் திட்டங்களில் முன்வரிசையில் இடம் பெறவில்லை. நாட்டின் எள் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டன் அளவில் நிற்கிறது. ஹெக்டேருக்குக் கிடைக்கும் சராசரி மகசூல் 500 கிலோகிராமை ஒட்டியே இருக்கிறது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியால் நிறைவு செய்யப்படும் நாட்டில் இது கவலைக்குரிய நிலை. 1986-ஆம் ஆண்டில் எண்ணெய் வித்துக்களுக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2030-31 வரையிலான எண்ணெய் வித்துக்கள் தேசிய இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எள்ளும் இதில் அடங்கும். இத்தகைய திட்டங்களில் புதிய இரகங்களுக்கும் விதை வழங்கலுக்கும் தரப்படும் கவனம், அறுவடைக்குப் பின் எள் என்ன ஆகிறது என்பதற்குத் தரப்படுவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மைசூருவின் முன்பருவ எள்ளைக் கொண்டே அதை விளக்கலாம்.

பருவமும் வெப்பமும்

எள் வெப்பத்தை விரும்பும் பயிர். முளைப்பதற்கும், இளம்பருவ வளர்ச்சிக்கும், பூ அரும்புவதற்கும் 25 முதல் 27 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலை மிகவும் உகந்தது. வெப்பநிலை 20 டிகிரிக்குக் குறைந்தால் முளைப்பும் வளர்ச்சியும் மந்தமாகின்றன. 10 டிகிரிக்குக் கீழே அவை நின்றே போகின்றன. மறுபுறம், பூக்கும் சமயத்தில் 40 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் மகரந்தம் வலுவிழந்து, கருவுறுதல் பாதிக்கப்பட்டு, காய்களின் எண்ணிக்கை குறைகிறது. எள் பூ விடியற்காலையில் விரிந்து அன்று மாலையே உதிர்ந்துவிடும் இயல்புடையது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பகல்தான் வாய்ப்பு.

இந்த அளவுகளை மைசூருவின் தட்பவெப்பத்தோடு பொருத்திப் பார்த்தால், விவசாயிகளின் நட்சத்திரக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பது புலனாகும். ஏப்ரலில் பகல் வெப்பம் 34, 35 டிகிரி வரை செல்கிறது. மண் நன்கு சூடேறியிருப்பதால் ஈரம் கிடைத்தவுடன் விதை விரைந்து முளைக்கிறது. விதைத்த 35 முதல் 40 நாட்களில், அதாவது ஜூன் மாதத் தொடக்கத்தில், செடி பூக்கத் தொடங்குகிறது. அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் வந்து பகல் வெப்பம் 30 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடுகிறது. முளைக்கும்போது சூடு, பூக்கும்போது மிதவெப்பம் என்ற வரிசை இயற்கையாகவே அமைந்துவிடுகிறது. தமிழகத்தின் உள்மாவட்டங்களில் மாசிப் பட்டத்தில் இறவையில் விதைக்கப்படும் எள்ளுக்கு நிலைமை வேறு. அங்கு பூக்கும் காலம் பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் வருவதால், சில ஆண்டுகளில் வெப்பம் ஆபத்தான எல்லையை நெருங்குகிறது. பூக்கும் தருணத்திலும் காய் பிடிக்கும் தருணத்திலும் தண்ணீர் பாய்ச்சியே பயிரைக் காக்க வேண்டியிருக்கிறது.

எள் குறும்பகல் பயிர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. பகற்பொழுது குறையும்போது அது விரைவில் பூக்கும். ஆயினும் ஏறத்தாழ 12 டிகிரி அட்சரேகையில் அமைந்த மைசூருவில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. ஆகவே இப்பகுதியில் விதைப்புக் காலத்தைத் தீர்மானிப்பதில் பகலின் நீளத்தைக் காட்டிலும் மழையும் வெப்பமுமே முதன்மை பெறுகின்றன.

நீர்த்தேவையைப் பொறுத்தவரை, பருவத்தில் 500 முதல் 650 மில்லிமீட்டர் மழை சிறந்தது. 300 மில்லிமீட்டரிலும் ஓரளவு மகசூல் தரும் ஆற்றல் எள்ளுக்கு உண்டு. வறட்சியைத் தாங்கும் இப்பயிர், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. கனமழைக்குப் பின் வயலில் ஓரிரு நாள் நீர் நின்றாலே செடிகள் வாடி மடிகின்றன. எனவேதான் மைசூருவில் சற்றே சரிவான, மணல் கலந்த செம்மண் நிலங்கள் எள்ளுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஆற்றுப்படுகையின் களிமண் நிலங்கள் விலக்கப்படுகின்றன. எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு என்னும் பழமொழி பிறந்த காரணமும் இங்கே விளங்கும். ஆயிரம் எள் சேர்ந்தால் சுமார் 3 கிராம்தான் எடை. இத்துணைச் சிறிய விதை மேலெழுந்து வர, மண் பொடிப்பொடியாக இருத்தல் வேண்டும். உழவில் சிக்கனம் செய்யப்பட்ட வயலில், மழைக்குப்பின் செம்மண் மேற்பரப்பு இறுகி ஓடு போலாகிவிடுகிறது. முளை அதை உடைத்துக்கொண்டு வர இயலுவதில்லை.

விதைப்பு தாமதமானால் என்ன நேரும்? பரணியைத் தவறவிட்டு மிருகசீரிட மழையில் விதைத்தாலும் எள் விளையத்தான் செய்யும். ஆனால் அறுவடை செப்டம்பருக்குத் தள்ளிப்போகும். நிலம் உரிய காலத்தில் காலியாகாது. கேழ்வரகு விதைக்கும் தருணம் கடந்துவிடும். கொள்ளு ஒன்றே எஞ்சும். எள்ளில் ஏற்படும் மகசூல் குறைவைவிட இரண்டாம் பயிரில் ஏற்படும் இழப்பே பெரிது. எந்த ஒரு பயிரின் இலாப நட்டத்தையும் அதன் வயல் எல்லைக்குள் மட்டும் கணக்கிடுவது பிழை என்பதற்கு இது தக்க சான்று.

நோய்களையும் இங்கே சுருக்கமாகக் குறிப்பிடலாம். பூக்கள் பச்சை இலைக் கொத்துகளாக மாறிவிடும் நோய் தத்துப்பூச்சியால் பரவுகிறது. வெப்பமும் வறட்சியும் நீடிக்கும்போது அப்பூச்சி பெருகுகிறது. நோயுற்ற செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி. வறட்சியில் வாடும் செடிகளை வேரழுகல் நோய் எளிதில் பற்றும். கிலோகிராம் விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைத்தால் ஓரளவு தடுக்கலாம்.

அறுவடையின் நெருக்கடி

முன்பருவ எள்ளுக்கு விதைப்பில் கிட்டும் அனுகூலம் அறுவடையில் பாதகமாகத் திரும்புகிறது. பரணியில் விதைத்த பயிர் 85 முதல் 90 நாட்களில், ஜூலை இறுதியில் முதிர்கிறது. அந்நாட்களில் மைசூருவில் பெருமழை பெய்வதில்லை. ஆனால் மேகமூட்டம் கலைவதில்லை. தூறல் விட்டுவிட்டு விழுகிறது. காலை நேரங்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. பயிரை வளர்த்த அதே மேகங்கள் விளைந்த எள்ளை உலரவிடாமல் தடுக்கின்றன.

எள் ஒரே நாளில் முதிர்வதில்லை. அடியிலுள்ள காய்கள் வெடிக்கத் தயாராகும்போது நுனியில் பூக்கள் இருக்கும். நுனி முதிரும்வரை காத்திருந்தால் அடிக்காய்கள் வெடித்து விதை மண்ணில் சிதறும். முந்தி அறுத்தால் நுனி விதைகள் பாலாக, சுருங்கிப்போகும். செடியின் இலைகளில் கால்பங்கு உதிர்ந்து, தண்டின் அடிப்பாதிக் காய்கள் மஞ்சள் நிறமடைந்து, கீழிருந்து பத்தாவது காயைத் திறந்து பார்க்கும்போது விதை நிறம் மாறியிருந்தால் அறுவடைக்கு ஏற்ற தருணம் என்று தமிழகத்தில் பரிந்துரைக்கப்படுகிறது. வெடிக்காத காயுடைய செடி ஒன்றை 1943-இல் வெனிசுலாவில் லாங்ஹாம் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். அதன் வழியே இயந்திர அறுவடைக்கு ஏற்ற இரகங்களை உருவாக்கும் முயற்சிகள் வெளிநாடுகளில் நடந்தன. நமது வயல்களில் இன்றும் அரிவாளும் கையுமே வேலை செய்கின்றன.

அறுத்த செடிகளை வட்டமாக, நுனி உள்ளேயும் அடித்தண்டு வெளியேயும் இருக்குமாறு அடுக்கி, மேலே வைக்கோல் மூடி, மூன்று நாள் வைத்திருந்து, பிறகு வெயிலில் விரித்து உதறுவது முறை. முதல் உதறலிலேயே முக்கால் பங்கு விதை கொட்டிவிடும். இம்முறை வெயில் உறுதியான மாசிப் பட்ட அறுவடைக்கு நன்கு பொருந்துகிறது. தூறல் நாட்களில் இதே அடுக்கு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் உள்ளே சூடு ஏறி, பூஞ்சணம் பிடித்து, வெள்ளை எள் பழுப்பாகிறது. மைசூருப் பகுதி விவசாயிகள் சிலர் அடுக்குப் போடாமல், செடிகளைச் சிறுசிறு கட்டுகளாகக் கட்டி, மூன்று நான்கு கட்டுகளைக் கூம்பு போல நிமிர்த்தி ஒன்றோடொன்று சாய்த்து வைக்கிறார்கள். காற்று ஊடுருவிச் செல்கிறது. வாய் திறந்த காய்கள் மேல்நோக்கி இருப்பதால் விதை சிதறுவதில்லை. கீழே ஒரு தார்ப்பாய் விரித்தால் சிதறுவதும் வீணாவதில்லை. செலவு மிகக் குறைந்த இம்முறையை ஈரமான பருவத்தில் அறுவடை செய்யும் எல்லா இடங்களிலும் பரப்பலாம்.

ஈரம் என்னும் கணக்கு

எள்ளைச் சேமிப்பதில் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் செய்யும் பொதுவான பிழை, அதை நெல்லைப் போலவும் கேழ்வரகைப் போலவும் கருதுவதாகும். தானியத்தில் 12 சதவீத ஈரப்பதம் பாதுகாப்பானது. எள்ளில் 9 சதவீதமே அதிகம். ஏன்?

விடை எண்ணெயில் இருக்கிறது. எள்ளில் ஏறத்தாழ பாதி எண்ணெய். எண்ணெய் நீரை ஏற்பதில்லை. ஆகவே விதையிலுள்ள ஈரம் முழுவதும் மற்றப் பாதியில், அதாவது புரதமும் மாவுப்பொருளும் நாரும் சேர்ந்த பகுதியில் தங்குகிறது. 100 கிராம் எள்ளில் 8 கிராம் ஈரம் இருப்பதாகக் கொள்வோம். எண்ணெய் 50 கிராம் நீங்கலாக எஞ்சிய 50 கிராமில்தான் அந்த 8 கிராம் நீரும் அடங்கியுள்ளது. அப்பகுதியின் ஈரப்பதம் 16 சதவீதம் ஆகிறது. 16 சதவீத ஈரமுள்ள நெல்லை மூட்டை கட்டி வைக்க எந்த விவசாயியும் துணியமாட்டார். ஆனால் 8 சதவீத ஈரமுள்ள எள்ளைத் தயக்கமின்றி வைக்கிறார். தானியத்தின் 12 சதவீதத்துக்கு இணையானது எள்ளில் 6 சதவீதம் என்பதே சரியான கணக்கு.

ஈரம் மிகுந்த எள்ளில் நடைபெறும் கேடுகள் பல. பூஞ்சணம் வளர்கிறது. விதையின் சுவாசம் வேகமடைந்து சூடு பிறக்கிறது. நொதிகள் எண்ணெயைப் பிளந்து கட்டற்ற கொழுப்பு அமிலங்களை விடுவிக்கின்றன. செக்கிலிருந்து வரும் எண்ணெய் காறுகிறது. நல்லெண்ணெய் எளிதில் கெடாத எண்ணெய் என்ற புகழ் உண்மையானதே. செசமின், செசமோலின் போன்ற இயற்கைப் பொருள்களும், செசமோலினிலிருந்து உண்டாகும் செசமாலும் காற்றால் எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தடுக்கின்றன. ஆனால் இந்தக் காவல் காற்றின் செயலுக்கு எதிரானதே. ஈரத்தால் நொதிகள் செய்யும் பிளப்பைத் தடுக்கும் வல்லமை அதற்கு இல்லை. நல்லெண்ணெய் கெடாது என்ற நம்பிக்கையில் எள்ளைக் கவனியாது விடுவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். களத்திலும் கிடங்கிலும் எள்ளின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒன்றும் உண்டு. அதனால் தாக்கப்பட்ட விதை சுருங்கி, எண்ணெயின் அமிலத்தன்மை ஏறுகிறது. உடைந்த விதைகளில் சிவப்பு மாவு வண்டு பெருகும்.

விதையின் ஆயுளுக்கு ஒரு பொது விதி உண்டு. அமெரிக்க விதையியல் அறிஞர் ஹாரிங்டன் வகுத்த அவ்விதியின்படி, ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும்தோறும் விதையின் ஆயுள் இருமடங்காகும். சேமிப்பு வெப்பநிலை 5 டிகிரி குறையும்தோறும் அதேபோல் இருமடங்காகும். 9 சதவீத ஈரமுள்ள எள்ளை 6 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஆயுள் எட்டு மடங்கு. கூடவே தகரக் கூரைக்குக் கீழே 30 டிகிரியில் வைக்கும் இடத்தில் ஓட்டு வீட்டின் உள்ளறையில் 25 டிகிரியில் வைத்தால் பதினாறு மடங்கு. இது தோராயமான விதிதான். 5 முதல் 14 சதவீதம் வரையிலான ஈரப்பதத்துக்கே பொருந்தும். எனினும் குளிர்பதனக் கிடங்கு கட்டும் செலவோடு மூன்று நாள் வெயிலின் செலவை ஒப்பிட்டால் எது மலிவு என்பது விளங்கும்.

கோணிச் சாக்கில் வைக்கப்பட்ட விதை எவ்வளவு உலர்த்தப்பட்டாலும் காற்றிலிருந்து மீண்டும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது. பாரன்ஹீட் அளவில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 100-க்கு மிகாதிருப்பது விதைக்கு நல்லது என்பது விதைத் துறையினரின் மற்றொரு கட்டைவிரல் விதி. மைசூருவின் ஜூலை மாதச் சராசரி வெப்பம் சுமார் 24 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 75 பாரன்ஹீட். அதனுடன் காற்றின் ஈரத்தைக் கூட்டினால் 150-ஐத் தொடும். திறந்த சாக்கில் வைப்பது இப்பருவத்தில் விதையைக் காற்றின் கையில் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். 8 முதல் 9 சதவீத ஈரமுள்ள விதையைச் சாக்கிலோ துணிப்பையிலோ 8, 9 மாதம் வரை வைக்கலாம். 6 முதல் 7 சதவீதத்துக்கு உலர்த்தி உள்ளே பாலிதீன் உறையிட்ட சாக்கில் வைத்தால் ஓராண்டுக்கு மேலும், 5 சதவீதத்துக்குக் கீழே உலர்த்திக் கனத்த பாலிதீன் பையில் அடைத்தால் அதற்கும் கூடுதலாகவும் வைத்திருக்கலாம் என்பது தமிழகத்தில் வழங்கும் பரிந்துரை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாலிதீன் பையும் காற்றுப்புகா உறையும் நன்மை செய்வது உலர்ந்த விதைக்கு மட்டுமே. ஈரமான எள்ளை அவற்றில் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி, சாதாரணச் சாக்கில் இருப்பதைவிட விரைவில் விதை உயிரிழக்கும். பையை இலவசமாக வழங்கிவிட்டு உலர்த்தும் வசதியை வழங்காத திட்டம் தீமையே செய்யும்.

காத்திருப்பின் விலை

மைசூருவில் எள்ளுக்குத் தனிமதிப்பு ஏற்படும் நாள் சங்கராந்தி. வெள்ளை எள், வெல்லம், கொப்பரைத் துண்டு, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து அண்டை அயலாருக்கு வழங்கும் எள்ளு வெல்லம் கர்நாடகத்தின் அப்பண்டிகைக்கு இன்றியமையாதது. அறுவடையோ ஜூலை இறுதியில். சங்கராந்திக்கு இடையில் ஐந்தரை மாதம். தென்மேற்குப் பருவத்தின் எஞ்சிய மழையும் அக்டோபரின் பெருமழையும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன.

ஒரு குவிண்டால் எள்ளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 9,846 ரூபாய். விவசாயி இவ்விலைக்கு விற்காமல் ஆறு மாதம் காத்திருப்பதாகவும், அவருடைய கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் எனவும் கொண்டால், வட்டி மட்டும் 591 ரூபாய். சேமிப்புக்காக 9 சதவீத ஈரத்திலிருந்து 6 சதவீதத்துக்கு உலர்த்தும்போது 100 கிலோகிராம் எள் 96.8 கிலோகிராமாகக் குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விலை குவிண்டாலுக்கு 10,782 ரூபாயாக, அதாவது ஏறத்தாழ ஒன்பதரை சதவீதம் உயர்ந்தால்தான் காத்திருந்தவருக்கு நட்டமில்லை. கிடங்கு வாடகையும் ஏற்றுகூலியும் இதில் சேரவில்லை.

இக்கணக்கில் விவசாயியின் அறியாமை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் ஈரத்தோடு விற்பவர் மூடர் என்று பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். உள்ளூர்க் கொள்முதலில் எள்ளின் ஈரம் பெரும்பாலும் கைப்பிடியில் அள்ளிப் பார்த்தும் பல்லில் கடித்துப் பார்த்துமே மதிப்பிடப்படுகிறது. 9 சதவீத எள்ளுக்கும் 6 சதவீத எள்ளுக்கும் ஒரே விலை என்றால், உலர்த்தியவர் தம் உழைப்பையும் இழந்து 3 கிலோகிராம் எடையையும் இழக்கிறார். அவர் உலர்த்தாமல் விற்பது பகுத்தறிவுக்கு உகந்த முடிவே. நஞ்சன்கூடு வட்டத்தில் ஒரு மூதாட்டி, எள்ளை வாயிலிட்டுக் கடித்து அது நொறுங்கும் ஒலியைக் கேட்டே காய்ந்ததா இல்லையா என்று சொல்லக் கண்டேன். காய்ந்தது எது என்று அவருக்குத் தெரியும். காயவைத்தால் தமக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும்.

ஆகவே, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஈரப்பதமானியை வைத்து, ஈரத்துக்கு ஏற்ப விலையில் கூட்டியும் குறைத்தும் வழங்குவதே முதல் சீர்திருத்தமாக இருத்தல் வேண்டும். மைசூருவின் பண்டிப்பாளையச் சந்தையாயினும், எள் ஏலத்துக்குப் பெயர் பெற்ற ஈரோடு மாவட்டச் சிவகிரியாயினும் இது பொருந்தும். கிடங்கு இரசீதைப் பிணையாக வைத்துக் கடன் பெறும் வழி 2007-ஆம் ஆண்டின் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தால் திறக்கப்பட்டது. இரண்டு குவிண்டால் எள் வைத்திருக்கும் விவசாயி தனியாக அவ்வழியில் செல்ல இயலாது. பத்து இருபது பேர் சேர்ந்த உற்பத்தியாளர் குழு செல்லலாம்.

ஏற்றுமதி தந்த பாடம்

2020 செப்டம்பரில் பெல்ஜியம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. இந்தியாவிலிருந்து வந்த எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் வேதிப்பொருளின் எச்சம், ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த கிலோகிராமுக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பைப் பலமடங்கு மீறியிருந்தது. எள் தூவிய ரொட்டி முதலாகப் பல பண்டங்கள் ஐரோப்பியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அடுத்த மாதமே இந்திய எள் சரக்குகளில் பாதியை எல்லையில் சோதித்த பின்னரே அனுமதிப்பது என்று ஒன்றியம் விதித்தது.

அப்பொருள் எள்ளில் ஏன் சேர்ந்தது? சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகளை அழிப்பதற்காகச் செலுத்தப்பட்ட வாயு அது. கிருமிகள் வந்த வழியைப் பின்நோக்கித் தேடினால் நாம் திறந்த களத்துக்கே வந்து சேர்கிறோம்: கால்நடைகளும் பறவைகளும் நடமாடும் மண்தரையில் உதறப்பட்டு, சாலையோரத்தில் காயவைக்கப்பட்ட எள். களத்தில் ஒரு தார்ப்பாயை விரிக்கத் தவறியதன் விலையைத் துறைமுகத்தில் கொடுக்க வேண்டியதாயிற்று என்று கூறினால் அது மிகையாகாது. நீராவி மூலம் கிருமி நீக்கும் முறைகள் உள்ளன; அவற்றுக்கு முதலீடு தேவை.

மைசூருவிலேயே இத்துறைக்கான அறிவு இருக்கிறது. 1950 அக்டோபர் 21 அன்று செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எள்ளின் தோலை நீக்கும் முறையை உருவாக்கியது. எள் தோலில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது கால்சியத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்வதோடு கசப்பையும் தருகிறது. தோல் நீக்கிய எள்ளின் பிண்ணாக்கு மெத்தியோனின் மிகுந்த நல்ல புரத உணவு. லைசின் குறைவு என்பதால் பருப்பு வகைகளோடு சேர்த்து உண்ணத் தக்கது. தோல் நீக்கிய எள்ளுக்கு நல்ல சந்தையும் உண்டு. ஆனால் நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த எள்ளிலிருந்து எந்தத் தொழில்நுட்பமும் வெள்ளை எள்ளை எடுத்துத் தந்துவிட முடியாது. நிறுவனத்தின் வாயிலிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள வயல்களில் ஜூலை மாத அடுக்குகள் நனைந்துகொண்டிருக்க, ஆலைகள் வெளியிலிருந்து சரக்கைத் தேடுவது வருந்தத்தக்கது.

அடுத்த பரணிக்கான விதை

விற்கும் எள்ளைப் பற்றி இவ்வளவு கூறினோம். விதைக்கு எடுத்து வைக்கும் எள் அதனினும் முக்கியமானது. அளவில் மிகவும் சிறியது. ஏக்கருக்கு 2 கிலோகிராம் போதும். ஒரு கிராமத்தில் 50 ஏக்கரில் எள் விதைத்தாலும் தேவையான விதை ஒரு குவிண்டால்தான்.

இங்கே ஒரு வாதத்துக்கு விடை கூற வேண்டும். ஹெக்டேருக்கு 5 கிலோகிராம் விதையில் ஏறத்தாழ 16 லட்சம் விதைகள் உள்ளன. வரிசைக்கு வரிசை, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டிய செடிகள் 1.1 லட்சம் மட்டுமே. பதினைந்தில் ஒன்று முளைத்தாலே போதுமே, முளைப்புத் திறன் பற்றிய கவலை எதற்கு என்று சில விவசாயிகள் கேட்பதுண்டு. கணக்கு சரியே, முடிவு சரியன்று. வயதேறிய விதையில் முதலில் குறைவது முளைக்கும் எண்ணிக்கையன்று, முளையின் வலிமை. ஈரத் துணியில் முளைக்கும் விதை, பரணி மழைக்குப் பின் இறுகிய செம்மண்ணை உடைத்துக்கொண்டு வெளிவரத் திணறுகிறது. ஓரிடத்தில் கொத்தாகவும் மற்றோரிடத்தில் வெறுமையாகவும் பயிர் அமைகிறது. பிறகு விதையைக் கூட்டிப்போடுவதும், கூட்டிப்போட்டதைக் களைந்து கலைப்பதற்குக் கூலி கொடுப்பதும் தொடர்கின்றன.

ஜூலை இறுதியில் எடுத்த விதை அடுத்த ஏப்ரல் இறுதியில் மண்ணுக்குச் செல்கிறது. ஒன்பது மாதம். சாதாரணச் சாக்கில் 8, 9 சதவீத ஈரத்தோடு வைக்கத்தக்க எல்லையும் அதே ஒன்பது மாதம்தான் என்பதை மேலே கண்டோம். முன்பருவ எள்ளின் விதை ஒவ்வோராண்டும் தன் ஆயுள் எல்லையின் விளிம்பிலேயே விதைக்கப்படுகிறது. பரணி பொய்த்து ஒரு மாதம் தள்ளினால் விளிம்பையும் கடக்கிறது. இதற்கு நேர்மாறாக, தஞ்சைத் தரப்பில் நெல் அறுவடைக்குப் பின் மாசிப் பட்டத்தில் விதைப்போருக்கு, ஆடிப் பட்டத்தில் விளைந்த புதிய விதையைப் பெறும் வாய்ப்பாவது உண்டு.

விதை எள்ளுக்கு நிர்ணயிக்கப்பட்ட சான்றளிப்புத் தரம், முளைப்புத் திறன் குறைந்தது 80 சதவீதம், ஈரப்பதம் சாதாரண உறையில் 9 சதவீதத்துக்கும் காற்றுப்புகா உறையில் 5 சதவீதத்துக்கும் மிகாமை என்பதாகும். அடியிலுள்ள முதிர்ந்த காய்களின் விதையை, முதல் உதறலில் விழுந்ததை மட்டும், தனியே ஒதுக்க வேண்டும். நண்பகல் வெயிலில் தார்ச்சாலை மீது பரப்பாமல், துணியிலோ தார்ப்பாயிலோ மெல்லிய படலமாக விரித்து, காலையிலும் மாலையிலும் காயவைக்க வேண்டும். ஜூலையில் முழுமையாக உலர்த்த இயலாதுபோனால், ஆகஸ்டு, செப்டம்பரில் கிடைக்கும் வெயில் நாட்களில் மீண்டும் உலர்த்தி, அதன்பின்னரே பாலிதீன் உறையில் அடைத்து, தரையில் படாமல் உள்ளறையில் வைக்க வேண்டும்.

மார்ச் மாதக் கடைசியில் அப்பையிலிருந்து நூறு விதைகளை எண்ணி எடுத்து, நனைத்த துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, துணி உலராமல் பார்த்துக்கொண்டு ஆறாம் நாள் பிரித்து எண்ணலாம். எண்பது முளைத்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோகிராம். அறுபதுக்குக் குறைந்திருந்தால் அந்த எள்ளைச் செக்குக்கு அனுப்பிவிட்டு, வேளாண் துறையின் இரயத சம்பர்க்க மையத்தில் விதை கேட்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.